சிவப்பு குறைந்த படங்கள்

கிளினிக் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் உண்டு, ஆனால் அது ஓடும் நாட்கள் குறைவு. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் காலில் புண்ணோடு வருகிறவர்கள். லிஃப்ட் நின்றுபோன நாட்களில் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். கட்டுப் போடும் அறை நடைக்கூடத்தின் கடைசியில், ஜன்னல் இல்லாத மூலையில் இருந்தது. அதில் பதினொரு வருஷமாக வேலை பார்த்த நர்ஸுக்கு நாற்பத்து நான்கு வயது. சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் இருக்கும் காவலாளிக்கே ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கும்.

புண்களைப் பார்க்கும் டாக்டர் நகரத்தின் மறு கோடியில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். முன்பெல்லாம் வாரம் ஒருமுறை கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார். ஆள் போதவில்லை என்று அதை மாதம் ஒருமுறையாக்கினார்கள். மீதி நாட்களுக்காக ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை அனுப்பிவைத்தார்கள். கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்ததும், புண்ணுக்குப் பக்கத்தில் அளவுகோல் போட்ட வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, மூன்று படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பார்த்ததை நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். சாயங்காலத்துக்குள் டாக்டர் பதில் எழுதுவார், இல்லை போனில் கூப்பிடுவார்.

கேமரா வந்த புதிதில் நர்ஸுக்கு அதில் தெரிந்தது இரண்டே பொத்தான்கள். ஒன்று அதை உயிர்ப்பிக்க, இன்னொன்று படம் எடுக்க. அது போதுமாகவும் இருந்தது.

அந்த அறைக்கு வந்தவர்களில் அவளுக்குப் பிடித்தவர் ஒரு எலக்ட்ரீஷியன். ஐம்பதைத் தாண்டிய மனிதர், பத்து வருஷமாகச் சர்க்கரை. அந்த வட்டாரத்தில் அவருக்கு ஃப்யூஸ் என்று பெயர். அவரே அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்வார். ஒருநாள் முழுக்க ஷூவுக்குள் கிடந்த ஒரு ஸ்க்ரூவோடு நடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் ரத்தத்தில் நனைந்திருந்தது. வலியே தெரியவில்லை.

"கால்ல கனெக்‌ஷன் போயிடுச்சு சிஸ்டர். மெயின் ஸ்விட்ச்சு மட்டும்தான் வேலை செய்யுது," என்று முதல் நாளே நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்கண்ணே. இனிமே ஷூ போடறதுக்கு முன்னாடி தட்டிப் பாக்கணும்."

"அதைத்தான் நானும் தலையால அடிச்சுக்கறேன்," என்றார் அவருடைய மனைவி. அவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். ஒவ்வொரு முறையும் கணவரோடு வந்து, கட்டுப் போடும்போது குனிந்து நின்று பார்ப்பார். வீட்டில் எப்படித் துடைக்க வேண்டும், எதைத் தடவக் கூடாது என்பதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். அப்படிக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் குறைவு என்பது நர்ஸுக்குத் தெரியும்.

புண் நன்றாகவே ஆறத் தொடங்கியது. முதல் இரண்டு வாரப் படங்களில் சிவந்த சதை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வருவது தெளிவாகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸின் மகளுக்கு ஒரு விமான நிலையக் கவுன்டர் வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. படிப்பு முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிற பெண். விண்ணப்பத்தோடு மூன்று படங்கள் கேட்டிருந்தார்கள். அவளுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் பருக்கள். போனில் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். சனிக்கிழமை கிளினிக்கைப் பூட்டும்போது நர்ஸ் அந்தக் கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று அலமாரியிலேயே எழுதி ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியதே அவள்தான். திங்கட்கிழமை காலையில் திரும்ப வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகள் கேமராவோடு கிடந்தாள். மெனுவுக்குள் போய் எதையெதையோ மாற்றினாள். மத்தியானம் படங்களைக் காட்டியபோது நர்ஸுக்கே ஆச்சரியம். முகம் பளிங்கு மாதிரி இருந்தது. மேக்கப் போட்ட முகமாகவும் தெரியவில்லை. அவள் மகளேதான், ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த மகள்.

"எப்படிடி பண்ணின?"

"நான் எங்க பண்ணினேன், கேமராவே பண்ணுதும்மா."

"நல்லா வந்திருக்கு. இதையே அனுப்பு," என்றாள் நர்ஸ். திங்கட்கிழமை கேமரா அலமாரிக்குத் திரும்பியது. மகளுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை எலக்ட்ரீஷியன் வந்தார். கட்டைப் பிரித்ததும் நர்ஸுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. புண்ணின் ஓரத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு. புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. படம் எடுத்தாள், எழுதினாள்: ஓரத்தில் சிவப்பு, தொட்டால் சூடு.

சாயங்காலம் டாக்டர் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர், நோயாளியைப் பற்றிப் பேசும்போது அவசரப்படாதவர்.

"சிஸ்டர், சிவப்புன்னு எழுதியிருக்கீங்க. ஃபோட்டோல அப்படி ஒண்ணும் தெரியலையே. போன வாரத்தை விட ஓரம் சுத்தமா இருக்கு. நீங்க படத்தைப் பாத்தீங்களா?"

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். அவர் சொன்னது உண்மை. திரையில் இருந்த கால் நன்றாகத்தான் இருந்தது. அந்த வெள்ளைக் காகிதத் துண்டு மட்டும் கொஞ்சம் பச்சை பூசினாற்போல் தெரிந்தது. டியூப்லைட்டின் வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

"கட்டு இறுக்கமா இருந்து அழுத்தினதுல சிவந்திருக்கலாம். அதே மருந்தையே போடுங்க. வெள்ளிக்கிழமை பாக்கலாம்," என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்தபோது சிவப்பு அப்படியே இருந்தது. கூடியிருக்கிறதோ என்றுகூடத் தோன்றியது. படம் எடுத்து, கேமராவின் சின்னத் திரையில் பார்த்தாள். ஒன்றும் இல்லை. திரும்பக் காலைப் பார்த்தாள். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற கண் அது. ஒரு தரம் எழுதி, டாக்டர் இல்லை என்று சொன்ன பிறகு மறுபடியும் அதையே எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்தது. எழுதினாள்: மாற்றம் இல்லை.

"எப்படி சிஸ்டர் இருக்கு?" என்று கேட்டார் மனைவி.

"பரவால்லக்கா. படத்துல நல்லாத்தான் தெரியுது."

"நேத்து துடைக்கறப்போ கொஞ்சம் வீங்கின மாதிரி இருந்துச்சே."

"டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவார்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. காலை பத்து மணிக்கு மனைவி போன் செய்தார். நேற்றிலிருந்து குளிர் காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது, என்னென்னவோ பேசுகிறார் என்றார். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள் நர்ஸ். அன்றே ஆபரேஷன் செய்தார்கள். விஷம் எலும்பு வரை போயிருந்தது. வலது காலின் பெருவிரலையும் அடுத்த விரலையும், பாதத்தின் முன்பக்கத்தில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று சொன்னார்கள்.

ஏணியில் நிற்கிறவனுக்குக் கால் விரல் எவ்வளவு முக்கியம் என்று நர்ஸ் அதுவரை யோசித்ததில்லை. அன்று முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து மனைவி ஒரு புகார் கொடுத்தார். நேரில் வந்து பார்க்காமல் படத்தைப் பார்த்து வைத்தியம் செய்தார்கள், அதனால்தான் இப்படி ஆனது என்று அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். கிளினிக்கின் மேலாளரம்மா நர்ஸைக் கூப்பிட்டு எல்லாப் படங்களையும் அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னாள். மேஜையில் அவற்றை வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

"இதைப் பாத்தா எந்த டாக்டரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். வெள்ளிக்கிழமை வரைக்கும் கால் நல்லா இருந்திருக்கு. நீங்களும் மாற்றம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கப்புறம் நாலு நாள் வீட்டுல என்ன நடந்துச்சோ. கட்டை நனைச்சிருப்பாங்க, வெறுங்காலோட நடக்க விட்டிருப்பாங்க."

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல மேடம்."

"அது நமக்கு எப்படித் தெரியும்? படம் இருக்கில்ல. பதில் எழுதறப்போ அதைத்தான் சொல்லப்போறோம். வீட்டுப் பராமரிப்பு சரியில்ல."

சின்ன நோட்டோடு குனிந்து நின்ற அந்த அம்மாவின் முகம் நர்ஸின் கண்முன் வந்தது. அறைக்குத் திரும்பினாள்.

அங்கே ஒரு ஹோட்டல் சமையல்காரர் காத்திருந்தார். முன்கையில் கொதிக்கிற எண்ணெய் பட்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழுக்கச் சிவந்திருந்தது. அவள் படம் எடுத்துச் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"இது யாரு கை சிஸ்டர்?"

"உங்க கைதான்."

"என் பொண்டாட்டி கூட நம்ப மாட்டா. சினிமாக்காரன் கை மாதிரி வழவழன்னு இருக்கு."

அவள் கேமராவையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்தேகப்பட இடமே இல்லை. இவ்வளவு சிவந்த கை திரையில் வெறும் வெயில் பட்ட கை மாதிரி இருந்தது. கொப்புளத்தின் ஓரம் கரைந்துபோயிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்த மகளுடைய பளிங்கு முகம் நினைவுக்கு வந்தது. எப்படியோ சமையல்காரருக்குக் கட்டுப் போட்டு அனுப்பினாள்.

சாப்பாட்டு நேரத்தில் அறையை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அலமாரியின் அடியிலிருந்து கேமராவின் கையேட்டைத் தேடி எடுத்தாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. பிறகு தன் இடது முன்கையில் பிளாஸ்டரை ஒட்டி வெடுக்கென்று பிய்த்தாள். நாலைந்து தடவை அதே இடத்தில் பிய்த்ததும் தோல் பட்டையாகச் சிவந்தது. பக்கத்தில் வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டினாள். கேமரா இருந்த நிலையிலேயே முதல் படம் எடுத்தாள். படத்தில் பட்டை இல்லை. கை மட்டும் இருந்தது.

மெனுவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 'ஸ்கின் சாஃப்ட்' என்று ஒன்று. அது 'ஹை'யில் இருந்தது. தோலின் நிறம் எங்கே இருக்கிறதென்று கேமராவே கண்டுபிடித்து, அங்கே இருக்கிற சின்னச் சின்ன வேறுபாடுகளை மழுக்கிவிடும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அதை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். தோலின் வரிகளும் மயிர்க்கால்களும் திரும்ப வந்தன. சிவப்பு வரவில்லை.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ். எந்த வெளிச்சத்தில் எடுத்தாலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்கான ஏற்பாடு அது. அதற்குள்ளே நான்கு பக்கமும் நகர்த்தக்கூடிய ஒரு புள்ளி இருந்தது. மகள் அதைப் பச்சைப் பக்கமாக மூன்று கட்டம் நகர்த்தியிருந்தாள். பச்சையைக் கூட்டினால் சிவப்பு அடங்கும். பருவை மறைக்க அதுதான் வழி. காகிதத் துண்டு பச்சையாகத் தெரிந்ததற்கு டியூப்லைட் காரணம் இல்லை. புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்து எடுத்தாள். காகிதம் வெள்ளையானது. கையில் பட்டை மெல்ல எழுந்தது.

நிறத்தின் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததைச் சரிசெய்தாள். நிழலான இடங்களைக் கேமராவே தூக்கி வெளிச்சமாக்குகிற ஒன்றை அணைத்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்துக்காக மகள் அதைப் போட்டிருக்க வேண்டும். விரல் இடுக்கில் கறுத்துப்போகும் சதைக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும். கடைசிப் படத்தில் அவளுடைய கை கையாகவே இருந்தது. பட்டை பட்டையாகச் சிவந்து, நடுவே ஒரு இடத்தில் தோல் உரிந்து, பார்க்கவே எரிச்சலாக.

எத்தனை தடவை அணைத்து ஏற்றினாலும் கேமரா இந்த அமைப்புகளை மறப்பதில்லை. யாராவது மாற்றும் வரை அப்படியே வைத்திருக்கும். கையேட்டின் பதினெட்டாம் பக்கத்திலேயே அது போட்டிருந்தது.

கம்ப்யூட்டரில் எலக்ட்ரீஷியனின் படங்களைத் திறந்தாள். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அது எடுக்கப்பட்ட விதம் பதிவாகியிருந்தது. முதல் இரண்டு வாரப் படங்களில் ஸ்கின் சாஃப்ட் 'ஆஃப்'. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எடுத்த ஆறு படங்களிலும் 'ஹை'. அந்தப் படங்களைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா என்று கையேட்டைப் புரட்டினாள். முடியாது. கேமரா முதலில் பார்த்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, மெழுகிய படத்தை மட்டும்தான் வைத்திருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் மகளிடம் கேட்டாள்.

"அன்னிக்கு எல்லாத்தையும் மாத்தினியே, பழையபடி வெச்சியா?"

"வெக்கணும்னு நீ சொல்லலையேம்மா."

"உனக்குத் தெரியாதா?"

"அது புண்ணை எடுக்கற கேமரான்னே எனக்குத் தெரியாது. ஆஃபீஸ் கேமரான்னுதான் சொன்ன." மகளுக்கு விஷயம் மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் முகம் வெளிறிப்போனது. "என்னாலயாம்மா? என் மூஞ்சிக்காகவா?"

"உன்னால இல்ல," என்றாள் நர்ஸ். மகள் அதை நம்பவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கணவர் பஸ் டிப்போவில் வேலை பார்ப்பவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே நின்றார்.

"யாராவது உன்னைக் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் நீயா போய் ஏன் தலையைக் கொடுக்கற? இனிமே சரியா எடு. போன விரல் திரும்பி வரவா போகுது?"

"விரல் வராதுங்க. ஆனா அந்தம்மாதான் காலைக் கெடுத்துட்டாங்கன்னு எழுதப்போறாங்க."

"பதினொரு வருஷ வேலை. பொண்ணுக்கு இன்னும் வேலை நிச்சயம் ஆகல. யோசிச்சு செய்," என்றார். அதற்கு மேல் தடுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் முதலில் செய்தது வேறொரு வேலை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு படம் எடுத்தவர்கள் அந்தச் சமையல்காரரையும் சேர்த்துப் பத்துப் பேர். எலக்ட்ரீஷியனைத் தவிர்த்து ஒன்பது பேருக்கும் போன் செய்து வரச்சொன்னாள். காரணம் கேட்டவர்களிடம் படம் சரியாக விழவில்லை என்றாள். இரண்டு நாட்களில் ஒன்பது பேரின் கட்டையும் பிரித்துப் பார்த்தாள். எட்டுப் பேருக்கு ஒன்றுமில்லை. ஒரு கட்டடத் தொழிலாளிக்கு மட்டும் முழங்காலில் சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது. அவரைக் கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். கடைசி ஆள் போன பிறகு கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பிறகு பஸ் ஏறி டாக்டரைப் பார்க்கப் போனாள். தன் கையை எடுத்த படங்களை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தாள். அவர் ஒவ்வொன்றையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். கேமராவை வீட்டுக்கு எடுத்துப்போனதையும் அவள் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் படங்களை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன் தெரியுமா சிஸ்டர்? எதை விட்டேன், எதை விட்டேன்னு. தூக்கம் இல்ல."

"மன்னிச்சிடுங்க சார்."

"நீங்க சிவப்புன்னு எழுதினீங்க. சூடுன்னும் எழுதினீங்க. சூட்டைப் படத்துல பாக்க முடியாது. அதை நான் யோசிச்சிருக்கணும். படத்தை நம்பினேன், உங்க கையை நம்பல."

அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். பாரத்தில் பாதியை அவரே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆனால் அவளால் முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமை எழுதினேன் சார். வெள்ளிக்கிழமை எழுதல. அன்னிக்கும் சிவப்பு இருந்துச்சு. நான் மாற்றம் இல்லன்னு எழுதிட்டேன்."

"ஏன்?"

"படத்துல இல்ல. நீங்களும் இல்லன்னு சொன்னீங்க. எனக்கே என் கண்ணு மேல நம்பிக்கை போயிடுச்சு."

டாக்டர் படங்களை ஒன்றாக அடுக்கி மேஜையில் வைத்தார். வெளியே யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. "இதை எழுதிக் கொடுங்க," என்றார் கடைசியில். "நானும் எழுதறேன்."

மேலாளரம்மா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். கோபப்படுவாள் என்று நர்ஸ் எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. "நல்லபடியா முடிய வேண்டியதை இப்படிப் பண்ணிட்டீங்களே," என்று மட்டும் சொன்னாள். அந்த வாரமே நர்ஸைக் கட்டுப் போடும் அறையிலிருந்து எடுத்து, கீழ்த் தளத்தில் தடுப்பூசி போடும் அறையில் போட்டார்கள். விசாரணை முடியும் வரை சம்பள உயர்வு இல்லை, புண்களைத் தொடவும் கூடாது. வீட்டுப் பராமரிப்பு பற்றிய வரி பதில் கடிதத்திலிருந்து எடுக்கப்பட்டது. நர்ஸ் கேட்டுத் தெரிந்துகொண்டது அதை மட்டும்தான்.

எலக்ட்ரீஷியன் ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் அங்கே போனாள். இரண்டு அறை கொண்ட வீடு. சாப்பாட்டு மேஜை முழுக்கப் பிரித்துப் போட்ட ஸ்விட்ச்சுகளும் ஒயர்களும். கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார். "வாங்க சிஸ்டர், உக்காருங்க," என்று எப்போதும் போலவே சொன்னார். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் நின்றபடியே ஒன்றுவிடாமல் சொன்னாள். மகள், பரு, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கிழமை எழுதிய வரி. சமையலறை வாசலில் வந்து நின்ற மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்தார். "அந்தப் படத்தைக் கொண்டாந்திருக்கீங்களா?"

அவருடைய காலின் படங்கள் அவளிடம் இல்லை. தன் கையின் இரண்டு படங்களைக் கொடுத்தாள். ஒன்றில் பட்டை இருந்தது, மற்றதில் இல்லை. அவர் அவற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே கையா?"

"ஆமாண்ணே. அஞ்சு நிமிஷ வித்தியாசம்."

"அப்போ இது படமே எடுக்கல," என்றார் அவர். "வரைஞ்சிருக்கு."

அவள் தலையாட்டினாள்.

"உங்க பொண்ணுக்கு வேலை கெடைச்சுதா?"

"இன்டர்வியூவுக்குப் போகல. போக மாட்டேங்கறா."

"போகச் சொல்லுங்க," என்றார். ஆனால் அதைச் சொன்ன விதத்தில் பழைய சிரிப்பு இல்லை. அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்க்கவும் இல்லை. படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழற்றி வைத்திருந்த ஸ்விட்ச்சை எடுத்துக்கொண்டார்.

வாசலில் மனைவி தடுத்து நிறுத்தினார்.

"வீங்கியிருக்குன்னு நான் சொன்னேன். உங்க காதுல விழுந்துச்சா, விழலையா?"

"விழுந்துச்சுக்கா."

"இத்தனை நாளா நான்தான் ஏதோ தப்பாத் துடைச்சுட்டேன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். எழுதி வெச்சதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்." அவருடைய குரல் உயரவே இல்லை. "நீங்க வந்து சொன்னது நல்லதுதான். அதுக்காக உங்களை உக்காரவெச்சு உபசரிக்க என்னால முடியாது. போயிட்டு வாங்க."

விசாரணை நான்கு மாதம் நடந்தது. நர்ஸுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. டாக்டருக்கும் வந்தது. படத்தோடு கேமராவின் அமைப்புகளையும் எழுதி அனுப்ப வேண்டும், சிவப்பென்றும் சூடென்றும் நர்ஸ் எழுதினால் நோயாளியை அன்றே நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டார்கள். எலக்ட்ரீஷியன் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு தருவது பற்றிய பேச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. நர்ஸின் மகள் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் யாராவது போனைத் தூக்கிப் படம் எடுத்தால் எழுந்து போய்விடுவாள். அதைப் பற்றி அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

தடுப்பூசி அறையில் ஒருநாள் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் கதவு திறந்தது. எலக்ட்ரீஷியனின் மனைவி. பின்னாலேயே கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவரும் வந்தார்.

"மேல இருக்கற புது சிஸ்டர்கிட்டக் காட்டிட்டோம். ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்க," என்றார் மனைவி. "இந்த மனுஷன்தான் கேக்க மாட்டேங்கறார். உங்ககிட்டயும் காட்டணுமாம். எனக்கு இஷ்டம் இல்ல. அதை உங்க முகத்துக்கு நேராவே சொல்லிடறேன்."

"சரிக்கா."

"இடது காலு சிஸ்டர்," என்றார் எலக்ட்ரீஷியன். "எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா எனக்குத் தெரியாதுங்கறதுதானே பிரச்சினை."

புண்களைத் தொடக் கூடாது என்ற உத்தரவை இன்னும் நீக்கவில்லை. ஆனால் அது புண் இல்லை, வெறும் கால். அவள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டு, காலை மடியில் வைத்துக்கொண்டாள். பாதத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் காட்டினாள். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். குதிகாலைப் புறங்கையால் தொட்டாள், பிறகு தன் கழுத்தைத் தொட்டு ஒப்பிட்டாள். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு இடத்தில் தோல் கொஞ்சம் தடித்திருந்தது. சிவப்பு இல்லை. சூடும் இல்லை.

"ஒண்ணும் இல்லக்கா," என்றாள்.

"நிச்சயமா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். இந்தத் தடவை இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். எலக்ட்ரீஷியன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் வந்து, பழையபடி, அவளுடைய தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார்.

"இன்னிக்கு என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல," என்றாள் நர்ஸ். "நாளன்னிக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது தோணுச்சுன்னா, நான் என்ன சொன்னேன்னு பாக்காதீங்க. உடனே வாங்க."

மனைவி கீழே உட்கார்ந்து கணவருக்குச் சாக்ஸை மாட்டிவிடத் தொடங்கினார்.